நூறு நாள் ஆசிரியர்

பாரதியார் என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் முறுக்கிய மீசையுமாக ஒரு கம்பீர உருவம். அவரைக் கவிஞர் என்கிறோம்; தேசபக்தர் என்கிறோம்; பெண் விடுதலைக்குக் குரல் கொடுத்த பெருந்தகை என்கிறோம். பள்ளி விழா என்றால் அவர் பாடல் ஒலிக்காத மேடை இல்லை. ஆனால் அதே பாரதியார் மதுரை மாநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராய் வேலை பார்த்தவர் என்பதையும், அவ்வேலை நூறு நாள்களுக்குச் சற்றே கூடுதலாக மட்டும் நீடித்தது என்பதையும், அது முடிந்தபின் வேறு வேலை தேடிச் சென்னைக்குப் புறப்பட்டவர் என்பதையும் நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

வேலையை விடுவதும் வேறு வேலை தேடுவதும் நம் கும்மிடிப்பூண்டி மக்களுக்குப் புதியன அல்ல. சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். இன்று ஒரு கம்பெனி, நாளை வேறொரு கம்பெனி என்று மாறும் பெற்றோரை நாம் அறிவோம். ஆகவே பாரதியாரின் வாழ்க்கையை இம்முறை இந்தக் கோணத்தில் நின்று பார்ப்போம். அந்த நூறு நாள் ஆசிரியர் பள்ளியை விட்டு வெளியேறியபோது எதை விட்டுச் சென்றார், எதைத் தம்மோடு எடுத்துச் சென்றார் என்பதே நாம் காண விரும்புவது.

தந்தையின் ஆலையும் மகனின் படிப்பும்

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், கரிசல் பூமியாகிய எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். வீட்டார் சுப்பையா என்று செல்லமாக அழைத்தனர். குழந்தைக்கு ஐந்து வயதாகும்போதே தாய் மறைந்தார். தாய்முகம் மறந்துபோகும் வயதில் தாயை இழந்த பிள்ளை பிற்காலத்தில் நாட்டையே தாயாகக் கண்டு பாடியது வியப்பன்று.

தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் அரண்மனையில் பணியாற்றியவர். கணக்கிலும் இயந்திரங்களிலும் பெருநாட்டம் உடையவர். மகனும் ஆங்கிலம் கற்று, கணிதம் கற்று, பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ கணக்கை விடக் கவிதையே இனித்தது. பதினொரு வயதில் அரசவைப் புலவர் முன்னிலையில் தன் புலமையைக் காட்டிப் பாரதி என்னும் பட்டத்தைப் பெற்றான் அச்சிறுவன். கலைமகளின் பெயர் அது. அன்று சூட்டிய பட்டமே பின்னர் இயற்பெயரையும் மறைத்து நிலைத்துவிட்டது.

தந்தையார் எட்டயபுரத்தில் ஒரு பருத்தி ஆலையை நிறுவினார். கரிசல் மண்ணின் விளைச்சல் பருத்தி. அதை உள்ளூரிலேயே இயந்திரத்தில் இட்டுப் பக்குவப்படுத்தினால் ஊரும் வளரும், தாமும் வளரலாம் என்று நம்பினார். ஆனால் அந்நியர் ஆட்சிக்காலத்தில் உள்நாட்டவர் ஒருவர் தொழில் நடத்துவது எளிதாக இல்லை. ஆலை நொடித்தது. போட்ட பணம் போயிற்று. தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டால் ஒரு வீட்டில் என்ன நேரும் என்பதைக் கும்மிடிப்பூண்டியில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் குறைவது பாலும் காய்கறியும். அடுத்துக் கைவைப்பது பிள்ளைகளின் படிப்பில்.

பாரதி வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்போது அவர் திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் பள்ளிப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தார். கல்வி தொடரப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் அரசருக்கு 1897ஆம் ஆண்டு கவிதை வடிவிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினார். பதினான்கு வயதுச் சிறுவன் படிப்புக்காகக் கையேந்தி எழுதிய அந்த விண்ணப்பம் நம் நெஞ்சை உருக்குவது. அதே ஆண்டில் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாளுடன் அவருக்குத் திருமணமும் நடந்தது. மணமகளுக்கு அப்போது ஏழு வயது. அக்கால வழக்கம் அது. பெண்குழந்தைகளின் கல்விக்கும் உரிமைக்கும் பின்னாளில் பாரதியார் இடைவிடாது எழுதியதற்கு அவர் வீட்டு அனுபவமும் ஒரு காரணமாய் இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

1898இல் தந்தையும் காலமானார். ஆலை போயிற்று, தந்தை போனார், படிப்பும் பாதியில் நின்றது. அந்த இருளில் ஒரு கை நீண்டது. காசியில் வாழ்ந்த அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் பாரதியைத் தம்மிடம் அழைத்துக்கொண்டனர். கங்கைக் கரையில் அவர் மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுத்தார். வடமொழியும் இந்தியும் பயின்றார். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் சிறப்பாகத் தேறினார். தலைப்பாகையும் மீசையும் அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது அங்கேதான். குப்பம்மாள் என்னும் அந்த அத்தையார் பெயர் பெருநூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. ஆனால் நொடித்த வீட்டின் பிள்ளை ஒருவனுக்கு அவர் சோறிட்டுப் படிக்க வைத்திராவிட்டால் தமிழுக்கு ஒரு மகாகவி கிடைத்திருப்பாரா?

அரண்மனையிலிருந்து வகுப்பறைக்கு

நான்கு ஆண்டுகளுக்குப் பின் எட்டயபுரம் அரசரின் அழைப்பின் பேரில் பாரதியார் ஊர் திரும்பினார். அரசருக்குப் பத்திரிகைகளைப் படித்துக் காட்டுவதும் உடனிருந்து உரையாடுவதும் அவர் வேலை. உழைப்பு அதிகமில்லை, உணவுக்குக் குறைவில்லை. ஆயினும் சுதந்திர வேட்கை கொண்ட அவ்வுள்ளத்துக்கு அரண்மனையின் சொகுசு பொருந்தவில்லை. 1904ஆம் ஆண்டில் அவ்வேலையை விட்டு விலகினார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபாநு' இதழில் அவருடைய 'தனிமை இரக்கம்' என்னும் கவிதை அச்சாயிற்று. அச்சில் வந்த அவருடைய முதற் கவிதை அதுவே.

அந்த நிலையில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் ஓர் இடம் கிடைத்தது. அங்குத் தமிழ்ப் பண்டிதராய் இருந்தவர் அரசஞ்சண்முகனார் என்னும் பெரும்புலவர். அவர் விடுப்பில் சென்றமையால் அவர் இடத்தில் தற்காலிகமாகப் பாரதியார் அமர்த்தப்பட்டார். 1904 ஆகஸ்டு முதல் நாள் பணியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 17½ ரூபாய். வயதோ இருபத்தொன்று, அவருடைய மூத்த மகள் தங்கம்மாள் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

தற்காலிக ஆசிரியர் என்றால் என்ன என்பதை நம் மாணவியர் அறிவார்கள். ஓர் ஆசிரியை விடுப்பில் செல்லும்போது அவர் இடத்திற்கு வேறொருவர் வருவார். புதிய முகத்தோடு பழகி, பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கும் வேளையில் அவர் போய்விடுவார். போனவரை நாம் விரைவில் மறந்தும் போகிறோம். பாரதியாரும் மதுரையில் அத்தகைய ஓர் ஆசிரியரே. அவரிடம் அந்நாள்களில் தமிழ் கேட்ட மாணவர்கள் தங்கள் எதிரே நிற்பவர் யார் என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. பண்டிதர் திரும்பி வரும்வரை பாடம் நடத்த வந்த இளைஞர் என்றே கருதியிருப்பார்கள். இனிமேல் நம் வகுப்புக்குச் சில வாரங்களுக்கென்று ஓர் ஆசிரியை வரும்போது, அவரையும் முழு மரியாதையோடு வரவேற்போமாக. அவருள் என்ன ஒளி மறைந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

நவம்பர் 10ஆம் நாளோடு மதுரைப் பணி முடிந்தது. கணக்கிட்டால் 102 நாள்கள். அந்த நூறு நாள்களை இன்றும் சேதுபதிப் பள்ளி பெருமையோடு நினைவுகூர்கிறது. ஆனால் அன்று பணி முடிந்து வெளியே வந்த இளைஞருக்கு அது பெருமையா? கையில் வேலை இல்லை. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். இந்த நிலையில் ஒரு மனிதன் மனமுடைந்து போவது இயல்பு. பாரதியார் மனமுடையவில்லை.

ஆசிரியர் ஒருவர் மற்றோர் ஆசிரியரைக் கண்டெடுத்தார்

சென்னையில் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் நாளிதழை நடத்தி வந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். பாரதியார் பிறந்த அதே 1882ஆம் ஆண்டில் வார இதழாய்த் தோன்றி, 1899 முதல் நாள்தோறும் வெளிவந்த பத்திரிகை அது. அதில் உதவியாசிரியராக 1904 நவம்பரிலேயே பாரதியார் சேர்ந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்தச் சுப்பிரமணிய ஐயரும் தொடக்கத்தில் பள்ளி ஆசிரியரே. திருவையாற்றில் 1855இல் பிறந்து, சென்னைப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றித் தலைமையாசிரியர் நிலைக்கு உயர்ந்தவர். 1878இல் நண்பர்கள் ஐவரோடு சேர்ந்து 'இந்து' ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. இளம் வயதில் விதவையான தம் மகளுக்கு, ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல், 1889இல் மறுமணம் செய்து வைத்த தந்தையும் அவரே. ஆங்கிலம் தெரிந்த சிலருக்கு மட்டும் எழுதிப் பயனில்லை, பாமர மக்களுக்கும் நாட்டு நடப்புத் தெரிய வேண்டும் என்றே தமிழில் இதழ் நடத்தினார்.

நம் தமிழ்மொழியின் அழகைப் பாருங்கள். வகுப்பில் பாடம் சொல்பவரும் ஆசிரியர். நூல் இயற்றுபவரும் ஆசிரியர். பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர். மூவர்க்கும் ஒரே சொல். ஆகவே பாரதியார் ஆசிரியர் வேலையை விட்டு ஆசிரியர் வேலைக்கே போனார் எனலாம். வகுப்பறை மட்டுமே மாறியது. மதுரையில் ஓர் அறைக்குள் அடங்கிய மாணவர்களுக்குச் சொன்னவர், சென்னையிலிருந்து தமிழகமெங்கும் பரவிய வாசகர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.

புதிய வேலை எளிதாகவும் இல்லை. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் உடனுக்குடன் தமிழாக்க வேண்டும். அரசியல், பொருளாதாரம், விஞ்ஞானம் ஆகியவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் அன்று நிலைபெறவில்லை. அச்சுக்கு நேரம் நெருங்கும்போது அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. படித்தவரும் பாமரரும் புரிந்துகொள்ளத்தக்க எளிய நடை ஒன்றைப் பாரதியார் இந்த உழைப்பிலேதான் கண்டார். அவரிடம் வேலை வாங்கி வாங்கித் தொழில் பழக்கியவர் சுப்பிரமணிய ஐயர். அதைப் பாரதியார் பின்னர் நன்றியோடு நினைத்துக்கொண்டார். அரண்மனையில் இருந்திருந்தால் இந்தப் பயிற்சி கிடைத்திருக்காது. மதுரையிலேயே நிலையான பண்டிதராய் அமர்ந்திருந்தாலும் ஒருவேளை கிடைத்திருக்காது.

1905இல் வங்காளத்தை ஆங்கில அரசு இரண்டாகப் பிரித்தது. நாடெங்கும் கொந்தளிப்பு. பாரதியாரின் பேனாவும் பாட்டும் தேசத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பின.

பெண்களுக்கென்று ஓர் இதழ்

பெண்கள் பள்ளியாகிய நமக்கு உரிமையான செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. சுதேசமித்திரனில் பணிபுரிந்துகொண்டே, 1905 ஆகஸ்டு முதல் 'சக்கரவர்த்தினி' என்னும் மாத இதழுக்கும் பாரதியார் ஆசிரியரானார். அது பெண்களின் முன்னேற்றத்துக்காக வெளிவந்த இதழ். பெண்குழந்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதையே பல வீடுகள் விரும்பாத காலம் அது. மதுரையில் அவரிடம் பயின்றவர்கள் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகளுக்கென்று அவர் எடுத்த முதல் வகுப்பு இந்த இதழ் என்று கொள்வோம்.

அந்நாள்களில் காங்கிரஸ் மாநாட்டுக்காக வடநாடு சென்ற பாரதியார், கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்னும் இடத்தில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். கல்கத்தா வண்டிகள் இன்றும் நம் கும்மிடிப்பூண்டி நிலையத்தைத் தாண்டியே செல்கின்றன. அவ்வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சந்திப்பு நம் நினைவுக்கு வரட்டும். நிவேதிதையின் இயற்பெயர் மார்கரெட் நோபிள். 1867இல் அயர்லாந்தில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகளாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து, சொந்தமாகப் பள்ளியும் நடத்தியவர். அதையெல்லாம் விட்டு 1898இல் இந்தியாவுக்கு வந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே கல்கத்தாவின் பாக்பஜாரில் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்கு வந்த ஆசிரியை அவர்.

அச்சந்திப்பில் நிவேதிதை பாரதியாரிடம் அவர் மனைவியைப் பற்றி விசாரித்தார். ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று கேட்டார். பெண்களை அத்தகைய கூட்டங்களுக்கு அழைத்து வருவது தம்மிடையே வழக்கமில்லை என்னும் கருத்துப்பட பாரதியார் விடை கூறினார். வீட்டிலிருக்கும் பாதிப் பேரை அடிமையாக வைத்துக்கொண்டு நாட்டுக்கு எப்படி விடுதலை வாங்கப் போகிறீர் என்ற பொருளில் அந்த அம்மையார் கேட்ட கேள்வி அவர் உள்ளத்தைத் தைத்தது. பிறருக்கு இதழ் வழியே பெண்கல்வி போதித்தவர், தம் வீட்டைத் தாமே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. பாடம் சொல்லும் ஆசிரியர் பாடம் கேட்கவும் தெரிந்திருந்தார். இதுவே அவர் பெருமை. 1908இலும் 1909இலும் வெளிவந்த தம் கவிதைத் தொகுதிகளை நிவேதிதைக்கே அவர் காணிக்கையாக்கினார்.

புதுவையில் பத்து ஆண்டுகள்

1906இல் தோன்றிய 'இந்தியா' என்னும் வார இதழின் பொறுப்பைப் பாரதியார் ஏற்றார். சிவப்புத் தாளில் அச்சாகி, கேலிச் சித்திரங்களோடு வெளிவந்த அவ்விதழ் ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாயிற்று. அவருடைய கொள்கைக்கு உடன்படாத மிதவாதியாகிய வி. கிருஷ்ணசாமி ஐயரே பாரதியின் பாடல்களைக் கேட்டு உருகி, 1907இல் அவற்றுள் சிலவற்றை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அப்பிரதிகள் பள்ளிகளுக்கும் சென்றன. பள்ளியை விட்டு வந்தவர் மூன்றே ஆண்டுகளில் பாட்டாகப் பள்ளிக்குள் மீண்டும் நுழைந்தார்!

1908இல் இந்தியா இதழின் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. பெயரளவில் ஆசிரியராய் இருந்தவர் கைதானார். நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவைக்குச் சென்றார். இதழும் அங்கு மாறியது. ஆனால் அதைத் தமிழகத்துக்குள் வரவொட்டாமல் ஆங்கில அரசு தடுத்தது. 1910இல் அது நின்றது.

அதன்பின் நிலையான வருமானம் என்பதே இல்லை. வேலையை விட்டவரின் கதையைச் சொல்லும்போது அவருடைய புகழை மட்டும் சொல்லி வறுமையை மறைப்பது நேர்மையாகாது. சமையலுக்கென்று செல்லம்மாள் வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைத்தார் பாரதியார் என்ற செய்தியைப் படித்து நாம் மகிழ்கிறோம். அந்த அரிசியைக் கடன் வாங்கியேனும் மறுபடி சேர்த்து இரண்டு பெண்குழந்தைகளுக்குச் சோறு வடித்த தாயின் பாட்டை நாம் நினைப்பதில்லை. பாரதியார் துணிந்து நடந்த வழியெல்லாம் செல்லம்மாளும் நடந்தார். மகாகவியின் புகழில் அவருக்கும் பங்குண்டு.

வறுமை ஒருபுறம் வாட்ட, புதுவையிலேதான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தன. சிறுபிள்ளைகளுக்காகப் பாப்பா பாட்டு எழுதினார். ஔவையாரின் வழியைப் பின்பற்றிக் காலத்துக்கேற்ற புதிய ஆத்திசூடி ஒன்றையும் இயற்றினார். ஆத்திசூடி என்பது திண்ணைப் பள்ளியில் சிறுவர்க்கு முதலில் கற்பிக்கும் நூல் அல்லவா? வகுப்பறையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் அவருள் இருந்த வாத்தியார் ஓயவில்லை. நாம் வணங்கும் இயேசு பெருமானைப் பற்றியும் 'யேசு கிறிஸ்து' என்னும் தலைப்பில் பக்தியோடு ஒரு பாடல் எழுதியுள்ளார். மகதலா மரியாளின் அன்பை அதில் போற்றியுள்ளார். மதங்களைக் கடந்து உண்மையை நாடிய நெஞ்சம் அது.

புதுவையில் அவரை நாடி வந்தவர்களுள் கனக சுப்புரத்தினம் என்ற இளைஞரும் ஒருவர். அவர் பிரெஞ்சு அரசுப் பள்ளியின் தமிழாசிரியர். பாரதியிடம் கொண்ட பற்றினால் பாரதிதாசன் என்றே பெயர் சூட்டிக்கொண்டார். அவர் தம் பள்ளி வேலையை விடவில்லை. 1909 முதல் 1946 வரை 37 ஆண்டுகள் ஆசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றார். அதே சமயம் புரட்சிக் கவிஞராகவும் விளங்கினார். குரு நூறு நாளில் பள்ளியை விட்டார். சீடர் 37 ஆண்டுகள் பள்ளியிலேயே நின்றார். இருவரும் தமிழுக்குத் தொண்டு செய்தனர். ஆகவே வேலையை விடுவதே வீரம் என்றோ, ஒரே இடத்தில் இருப்பதே விவேகம் என்றோ நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைக்காமல் பெருக்கினோமா என்பதே கேள்வி.

மீண்டும் பழைய நாற்காலி

பத்தாண்டு புதுவை வாழ்வுக்குப் பின் 1918 நவம்பர் 20ஆம் நாள் பாரதியார் ஆங்கில எல்லைக்குள் வந்தார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பர் 14ஆம் நாள் விடுதலையாகி, மனைவியின் ஊராகிய கடையத்துக்குச் சென்றார். தம் நூல்கள் அனைத்தையும் 40 புத்தகங்களாக, புத்தகம் ஒன்றுக்கு 10,000 பிரதிகள் வீதம் அச்சிட வேண்டும் என்று 1920இல் திட்டமிட்டு, பொருளுதவி கேட்டுப் பலருக்கும் எழுதினார். போதிய உதவி கிட்டவில்லை. பதினான்கு வயதில் படிப்புக்காக விண்ணப்பம் எழுதியவர் முப்பத்தேழு வயதில் புத்தகத்துக்காக விண்ணப்பம் எழுதினார்.

அவ்வாண்டு இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனிலேயே உதவியாசிரியரானார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த அதே பத்திரிகை. பழக்கிய சுப்பிரமணிய ஐயர் 1916இலேயே மறைந்துவிட்டார். இடையில் தாமே பத்திரிகைகளை நடத்திய ஒருவர், பழைய இடத்தில் பழைய பதவியிலேயே அமர்வதை இழிவாகக் கருதியிருக்கலாம். பாரதியார் அப்படிக் கருதாமல் எழுதினார்; உற்சாகமாகவே எழுதினார். எந்த வேலையும் தாழ்ந்ததன்று என்பதைப் பாடியவர், அதன்படி வாழ்ந்தும் காட்டினார்.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானைக்கு உணவு கொடுப்பது அவர் வழக்கம். 1921இல் ஒருநாள் அது அவரைக் கீழே தள்ளியது. நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து காப்பாற்றினார். அதிலிருந்து தேறி, ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலைக்குச் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள் பற்றிப் பேசினார். கடைசிவரை மக்கள் முன் நின்று கற்பித்துக்கொண்டே இருந்தார். பின்னர் வயிற்று நோயால் துன்புற்று, 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின் கண் மூடினார். வயது முப்பத்தெட்டு. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகச் சிலரே.

காலம் அவரை மறக்கவில்லை. எட்டயபுரத்தில் 1947இல் மணிமண்டபம் எழுந்தது. 1949இல் அவர் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் வாங்கியது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. இன்று அவர் பாட்டைக் கற்காத தமிழ்ப் பள்ளி உண்டோ? தற்காலிகமாய் வந்த ஆசிரியர் நிரந்தர ஆசிரியராகிவிட்டார்.

நமக்குரிய பாடம்

நம்மிடையே பணியாற்றும் அருட்சகோதரியர் ஓர் இடத்தில் நிலையாய் இருப்பதில்லை. மேலிடத்து ஆணை வந்ததும் ஒரு பெட்டியோடு வேறு ஊருக்குப் புறப்படுகிறார்கள். மாணவியர் கண்ணீர் விடுகிறோம். ஆனால் அவர்கள் பள்ளியைத்தான் மாற்றுகிறார்கள், பணியை மாற்றுவதில்லை. பாரதியாரின் வாழ்வைப் படித்தபின் அந்தப் பிரிவின் பொருள் நமக்குச் சற்றுத் தெளிவாகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தக் காலம் முடிந்தோ ஆட்குறைப்பிலோ வேலை போய்விட்டால், அதை வீட்டில் சொல்லவே தயங்குகிற தந்தையரும் தாயரும் நம் ஊரில் உண்டு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மகாகவி பாரதியும் வேலை முடிந்து வெறுங்கையோடு நின்றவர்தான். ஆனால் அந்த நெருக்கடியில் மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அண்ணனோ தம்பியோ படிக்கட்டும், பெண்பிள்ளை வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். ஓர் ஆலை மூடியபோது நின்றுபோன படிப்பை ஓர் அத்தை மீட்டுக் கொடுத்த கதையை இப்போது படித்தோம். உறவினருள், அண்டை வீட்டாருள், நம் பள்ளியின் பழைய மாணவியருள் அப்படி ஒரு குப்பம்மாள் இருக்கக்கூடும். பள்ளிக்கு வந்து வாய்திறந்து சொன்னால் வழி பிறக்கும்.

மாணவியராகிய நமக்கும் கடமை உண்டு. நம் அருகில் அமரும் தோழியின் முகம் வாடியிருந்தால், அவள் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று அன்போடு விசாரிப்போம். நாளை நாமும் ஆசிரியைகளாகவோ, செவிலியராகவோ, இதே சிப்காட் தொழிற்சாலைகளில் பொறியாளர்களாகவோ பணிக்குச் செல்வோம். ஒரு வாசல் அடைபடலாம். ஒரு நாற்காலி கைவிட்டுப் போகலாம். கற்றதும் கற்பிக்கும் மனமும் நம்மோடு வரும். அவற்றை எந்த நிர்வாகமும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

நூறு நாள்களே பள்ளியில் இருந்து, நூறாண்டுகளாய் நமக்குப் பாடம் சொல்லிவரும் அப்பெருமகனாரின் புகழ் ஓங்குக! தடைபட்ட படிப்புகள் எல்லாம் மீண்டும் தொடர இறைவன் அருள்வாராக!